கதவுக்கு மேலே நீல விளக்கு

பிப்ரவரி 11, செவ்வாய்

சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் இவர், மறுமுனையில் நான். நடுவில் உப்பு ஜாடி, இரண்டு லேப்டாப், என் அளவு டேப், இவருடைய கணக்குத் தாள்கள். இவர் கம்பெனி வாடகைக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதிலிருந்து இதுதான் எங்கள் இருவருக்கும் ஆபீஸ்.

இன்று நான் ஒரு வாடிக்கையாளரிடம் நாற்காலி உயரத்தைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். என் குரல் கொஞ்சம் பெரிதுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த நேரம் பார்த்து இவர் ஒரு தூணுக்கான கம்பி அளவைத் தப்பாகப் போட்டுவிட்டார். கட்டடம் நிற்குமா நிற்காதா என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் இவர் வேலை. மேலதிகாரி கண்டுபிடித்து, மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாராம்.

"நீ பேசினா நாலு தெருவுக்குக் கேக்குது," என்றார்.

"நீங்க பேசினா பக்கத்துல இருக்கற எனக்கே கேக்கல," என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கவனமாக வேலை செய்ய இடம் அமைத்துத் தருகிறவள் நான். என் வீட்டு மனிதர் தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு மடியில் கணக்குப் போடுகிறார். வெளியே தெரிந்தால் என் பிழைப்பு என்ன ஆவது?

பழைய பெட்டிகளும் உடைந்த இஸ்திரி மேஜையும் கிடக்கிற சின்ன அறையைக் காலி செய்துவிடுவது என்று முடிவு. எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் அந்த அறைக்கு இதுவரை வேலையும் இல்லை.

வாடிக்கையாளரிடம் கேட்பது போலவே பேனாவும் தாளுமாக எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"யாரும் வரக்கூடாது. எதுவும் கேக்கக்கூடாது."

"யாரும்னா?"

"யாரும்னா யாரும்தான்."

எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 22, சனி

கார்ப்பென்டர் வந்து கதவை மாட்டிவிட்டுப் போனார். கனமான கதவு. நாலு பக்கமும் ரப்பர் பட்டை. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சுகிற தடித்த கம்பளித் துணிப் பலகை, சாம்பல் நிறம். மேஜை சுவரைப் பார்த்து. ஜன்னலைப் பார்த்துப் போட்டால் மனுஷன் காக்கா எண்ணிக்கொண்டிருப்பார். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து, கை நிழல் தாளில் விழாமல். கண்ணில் எதுவும் மினுக்கக் கூடாது என்பது என் பழைய விதி. பிளக் பாயின்டில் எரிகிற குட்டி விளக்கின் மேல்கூடக் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன்.

கார்ப்பென்டர் உள்ளே நின்று கத்திப் பார்த்தார். வெளியே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பெரிய ஆளுக்கா மேடம் இந்த ரூம்?" என்றார். "எங்க வீட்டுக்காரருக்கு," என்றேன். ஏதோ சொல்ல வந்து, சுத்தியலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 3, திங்கள்

அறை முடிந்தது. நான் செய்ததிலேயே இதுதான் நேர்த்தி. படம் எடுத்து எங்கள் கம்பெனியில் காட்டினேன். இனி வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இதையே காட்டலாம் என்றார் எம்.டி.

கடைசியாக விளக்கு. கதவுக்கு மேலே, வெளிப்பக்கம். சிவப்பு வைத்தால் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கும் என்று இவர் சொன்னதால் நீலம். எரிந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. அணைந்திருந்தால் போகலாம். மேஜையின் அடியில், வலது கை விரலுக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பட்டன். அதை அமுக்கினால் விளக்கு அணையும், மறுபடி அமுக்கினால் எரியும். பெரிய ஆபீஸ்களிலும் இப்படித்தான் செய்கிறேன். வேலை செய்கிற இடத்தில் கவனம்தான் எப்போதும் இருக்க வேண்டியது, ஆள் வருவது எப்போதாவது. ஆகவே சும்மா இருந்தாலே விளக்கு எரிய வேண்டும், யாராவது வரலாம் என்று தோன்றினால்தான் விரலுக்கு வேலை. கதவைத் திறந்தால் தானாகவே அணைந்துவிடும்படியும் செய்தேன். காலி அறைக்கு எதற்குக் காவல்?

இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது இவர் புது நாற்காலியை ஏற்றி, இறக்கி, ஏற்றி, சின்னப் பையன் மாதிரி விளையாடிக்கொண்டிருந்தார். "பிரமாதம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

மார்ச் 6, வியாழன்

மேஜை முழுக்க எனக்கே. கையைக் காலை நீட்டி வேலை செய்தேன். சொர்க்கம்.

மார்ச் 12, புதன்

நாள் முழுக்க நீலம்.

காலையில் காபி குடித்துவிட்டு உள்ளே போனால் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். தட்டுக்குப் பக்கத்தில் போன். சாப்பிட்டுக் கை கழுவி மறுபடி உள்ளே. கதவு மூடியதும் விளக்கு எரிகிறது. முன்பெல்லாம் நடுநடுவே ஏதாவது முணுமுணுப்பார். கால்குலேட்டரைத் திட்டுவார். "இந்த ஆளு ரெண்டாவது மாடில நீச்சல் குளம் கேக்கறான் பாரு," என்று யாரையாவது பற்றிச் சொல்வார். எரிச்சலாக இருக்கும். இப்போது யார் வீட்டு மாடியில் என்ன கட்டுகிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை.

வேலை நன்றாகத்தான் நடக்கிறது, இவருக்கு. எனக்கு ஒரு வரவேற்பறை வரைபடம் மூன்று நாளாக இழுத்துக்கொண்டே போகிறது. தொந்தரவு செய்ய ஆளே இல்லை. பிறகு ஏன்?

மார்ச் 18, செவ்வாய்

இன்று பதினோரு மணி வாக்கில் விளக்கு அணைந்தது! கண்ணாலேயே பார்த்தேன். ஓடிப்போய் டீ போட்டு, இரண்டு கப்பாக எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால், திரை முழுக்க முகங்கள். மீட்டிங். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார். டிராபிக் போலீஸ் மாதிரி.

இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

சரி, விளக்கைப் போட மறந்திருப்பார்.

மார்ச் 19, புதன்

அக்கா போன் செய்தாள். எங்கள் வீட்டில் பெரியவள், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"என்னடி, வீட்ல ரெண்டு பேரும் இருக்கீங்க, ஒரு சத்தத்தையும் காணோம்?"

"அவருக்கு ரூம் கட்டிக் கொடுத்துட்டேன்ல."

"எங்க வீட்டு ஆளுக்கும் ஒண்ணு கட்டிக் கொடு. வெளிய தாழ்ப்பாள் வச்சு."

சிரித்தேன். போனை வைத்த பிறகு, எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

மறுபடியும் அதே. மூன்று நாள் விடாமல் எரிந்த விளக்கு மத்தியானம் அணைந்தது. கொஞ்சம் பொறுத்து, கையில் எதுவும் எடுத்துக்கொள்ளாமல், சும்மா பார்க்கலாமே என்று போனேன். மீட்டிங். உள்ளங்கை. இந்தத் தடவை கண்ணை வேறு மூடித் திறந்தார், பல்வலிக்காரர் மாதிரி.

எரிந்தால் வரக்கூடாது. அணைந்திருந்தாலும் வரக்கூடாதா? அப்புறம் அந்த விளக்கு எதுக்கு, அலங்காரத்துக்கா?

கேட்கலாம். கேட்டால் சண்டை வரும். சண்டை போடவாவது ஆள் வெளியே வர வேண்டுமே. சாப்பாட்டு நேரத்தில் முகத்தைப் பார்த்தால் களைத்துப் போயிருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. அதோடு — இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது — "யாரும்னா யாரும்தான்" என்று சொன்னவர்தானே? நான்தானே எழுதிக்கொண்டேன்?

இனி நானாகப் போவதில்லை.

ஏப்ரல் 2, புதன்

இந்த வீட்டில் பகலில் என்னிடம் பேசுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான். அதுவும் உறுமல்.

ஏப்ரல் 4, வெள்ளி

போன மாதம் முடித்துக் கொடுத்த ஒரு ஆபீஸுக்கு, நாற்காலிச் சக்கரத்தைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனேன். சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை. எனக்கே தெரியும். மூலையில் உட்கார்ந்து அங்கே இருந்தவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தி தன் மாமியாருக்கு வாங்கிய செருப்பு சின்னதாகிவிட்ட கதையைச் சொல்ல, நாலு பேர் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நான் போட்ட தடுப்புகளுக்கு மேலே எம்பி எம்பிப் பேசிக்கொள்கிறார்கள். அவற்றை இன்னும் ஒரு சாண் உயர்த்தித் தரச் சொல்லி அவர்கள் மேனேஜர் கேட்டிருக்கிறார்.

"இதுவே போதும் சார்," என்றேன். ஏன் என்று கேட்டார். கோளாறில்லாத சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எம்.டி. கூப்பிட்டார். வேறொரு ஊரில் முழுக் கட்டடம் ஒன்று, எட்டு மாடி. எல்லா மாடிக்கும் உள் அமைப்பு நாங்கள்தான். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், ஒரு வருடம். "நீங்க போனா எனக்குத் தூக்கம் வரும்," என்றார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு வேலைக்காக எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன்! வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். என்ன சொல்வார்? "போயிட்டு வா" என்பார். அதுதான் பயமாக இருக்கிறது. பேனாவை இரவல் கேட்டால் கொடுப்பது போல, தலையைத் தூக்காமல் "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டால்?

"போகாதே" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அது மட்டும் போதும். அதற்குப் பிறகு போவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொள்வேன்.

ஏப்ரல் 9, புதன்

சாப்பிடும்போது, "ஒரு விஷயம் பேசணும்," என்றேன்.

போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நாள் கழித்து நேராக. "இப்ப மண்டை வேலை செய்யல. நாளைக்குப் பேசலாமா? நாளைக்கு ஃப்ரீதான், கடைசியா ஒரு மீட்டிங் மட்டும்தான். உள்ள வாயேன்."

உள்ள வாயேன் என்றார். நான் மோர் ஊற்றிக்கொள்ள மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையிலேயே குளித்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு — பைத்தியக்காரத்தனம்தான், அதே வீட்டில் அடுத்த அறைக்குப் போவதற்கு — மேஜையை விளக்குக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

நீலம். பத்து மணிக்கும் நீலம். பதினொன்றுக்கும் நீலம். ஃப்ரீ என்றாரே? மதியம் வெளியே வந்து சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. கூப்பிட்டவர்தானே பேச வேண்டும்? என்னை இரண்டு தடவை பார்த்தார், ஏதோ நான் தப்பு செய்துவிட்ட மாதிரி. மறுபடி உள்ளே போனார். மறுபடி நீலம்.

நாலு மணிக்கு விளக்கு அணைந்தது. எழுந்து ஓடினேன், வெட்கமில்லாமல். கதவைத் திறந்தேன். திரை முழுக்க முகங்கள். அந்தக் கை.

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! என்ன நினைச்சிட்டு இருக்காரு என்னை? வான்னு சொல்லிட்டு நாள் பூரா கதவைச் சாத்திக்கிட்டு, ஆளுங்க முன்னாடி கையக் காட்டி விரட்டறதுக்கா? நான் என்ன, நன்கொடை கேட்டு வந்தவளா? போதும். போதும் சாமி. யாருக்கும் நான் வேண்டியதில்லைன்னா, எட்டு மாடிக்காவது வேண்டியவளா இருந்துட்டுப் போறேன்.

எம்.டி.க்குப் போன் போட்டேன். "போறேன் சார்," என்றேன். நாளைக்குக் கையெழுத்து.

இப்போது மணி ஐந்தரை. விளக்கு எரிகிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

நேற்று அதற்குப் பிறகு நடந்ததை எழுதியாக வேண்டும்.

ஏழு மணிக்கு வெளியே வந்தார். சோற்றைப் போட்டுவிட்டு, "வேற ஊருக்குப் போறேன். ஒரு வருஷம். ஒத்துக்கிட்டேன்," என்றேன்.

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "இதச் சொல்லத்தான் பேசணும்னியா? நாள் பூரா உக்காந்திருந்தேனே, நீ வருவ வருவன்னு."

"எங்க உக்காந்திருந்தீங்க? நாள் பூரா லைட்டு எரியுது!"

"எந்த லைட்டு? நான் பட்டனைத் தொடவே இல்ல. மீட்டிங் ஆரம்பிச்சப்பதான் அமுக்கினேன். அமுக்கின அடுத்த நிமிஷம் வந்து நிக்கற. எப்பவும் அப்படித்தான் பண்ற. சும்மா இருக்கும்போது எட்டிப் பாக்கறதில்ல, லைட்டப் போட்டா கதவைத் திறக்கற. சரி, என் மேல ஏதோ கோவம்னு விட்டுட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அமுக்கினா எரியாதுங்க," என்றேன். "அமுக்கினா அணையும். முதல் நாளே சொன்னேனே."

"நீ சொன்னப்ப நான் நாற்காலிய ஏத்தி இறக்கிட்டிருந்தேன்."

இரண்டு பேரும் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டோம். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், இவர் வெளியே. பேசினால் கேட்காது, அப்படிக் கட்டியிருக்கிறேன். போனில் கூப்பிட்டேன்.

"இப்ப?"

"எரியுது."

அமுக்கினேன். "இப்ப?"

"அணைஞ்சிடுச்சு." பிறகு, "இந்த லைட்டு எரிஞ்சு நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றார்.

எப்படிப் பார்த்திருக்க முடியும்? உள்ளே இருக்கிறவருக்கு வெளியே எரிவது தெரியாது. வெளியே வந்தால் கதவைத் திறந்தே போட்டுவிடுவார், விளக்கு தானாக அணைந்துவிடும். உள்ளே ஒரு பொட்டு விளக்கு வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கண்ணில் எதுவும் மினுக்கக் கூடாது என்று நான்தான் வைக்கவில்லை.

அந்த நாற்காலியில் முதல் தடவையாகக் கதவு மூடி உட்கார்ந்திருந்தேன். எதிரே சாம்பல் சுவர். என் மூச்சு எனக்கே கேட்டது. இதற்குள்ளேயா இவர் இத்தனை நாள் இருந்தார்?

"ஏங்க, இங்க இப்படி இருக்குன்னு சொல்லவே இல்லையே?"

"எப்படிச் சொல்றது? படம் எடுத்து எல்லார்கிட்டயும் காட்டற. பிரமாதம்னு வேற சொல்லிட்டேன்." பிறகு, "இப்ப கதவைத் தட்டினேன். கேட்டுதா?"

"இல்ல."

"பலமாத்தான் தட்டினேன்."

கதவோர ரப்பர் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வேலைக்குப் போகணும்னு இருக்கா உனக்கு?"

"இருக்கு."

"போகாதன்னு நான் சொல்லணுமா?"

"ஒரு தடவை சொல்லுங்க. கேப்போம்."

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மேலதிகாரியிடம் கணக்கு ஒப்பிக்கிற குரலில், "போகாத," என்றார். கொஞ்சம் விட்டு, அவருடைய சொந்தக் குரலில், "போகாதம்மா," என்றார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன். நல்ல வேளை, வெளியே கேட்காது.

"சரி," என்றேன். "போயிட்டு வரேன்."

இன்று காலை போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இவர்தான் ஆபீஸ் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

மே 6, செவ்வாய்

புது ஊர். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. மேஜை சுவரைப் பார்த்து, வெளிச்சம் இடது பக்கம், அக்கம்பக்கத்தில் ஒரு குரல் கிடையாது, கதவைத் தட்ட ஒருத்தரும் இல்லை. என் விதிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற அறை.

சாயங்காலம் ஆனால் தெருமுனை டீக்கடையில் போய் நிற்கிறேன், யாராவது பேசுவதைக் கேட்க.

மே 9, வெள்ளி

இவர் போன் செய்தார். எடுத்ததும், "லைட்டு எரியுதா?" என்றார். ஒரு நொடி புரியவில்லை. பிறகு, "இல்ல, அணைஞ்சிருக்கு," என்றேன். "அப்ப உள்ள வரேன்," என்று பேச ஆரம்பித்தார்.

சாப்பாட்டு மேஜையில், நான் உட்காருகிற முனையில்தான் இப்போது இவருக்கு வேலை. ஜன்னலிலிருந்து தெருச் சத்தம் வருகிறதாம், பரவாயில்லையாம். அந்த அறை?

"துணி காயப் போட்டிருக்கேன். தொந்தரவே இல்லாம நல்லா கவனமாக் காயுது."

மே 30, வெள்ளி

தினமும் சாயங்காலம் அதே கேள்வி. வேலை இருந்தால் "எரியுது" என்பேன். வைத்துவிட்டு அரை மணி கழித்துக் கூப்பிடுவார். வீட்டில் இருந்தபோது இவ்வளவு பேசினோமா? பேசியிருக்க மாட்டோம். ஆனாலும் போனை வைத்த பிறகு அறை முன்னைவிடக் காலியாக இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

நாலாவது மாடி அறைகளுக்கு விளக்கு வைக்கிற இடத்தைக் குறித்தோம். உள்ளேயும் ஒன்று, மேஜைக்கு நேர் எதிரே, என்று சொன்னேன். கட்டடக்காரர், "உள்ள எரிஞ்சா கவனம் சிதறாதா மேடம்? நீங்கதானே சொல்லுவீங்க?" என்றார்.

"கொஞ்சம் சிதறட்டும்," என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஆறாவது மாடி வரைபடம் நாளைக் காலைக்குள் வேண்டும். மனது நன்றாக ஊன்றிப் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "எரியுது" என்று சொல்லத் தயாராக எடுத்தேன்.

"சமையல்கட்டுக் குழாய் ஒழுகுது. அந்த பிளம்பர் நம்பர் எங்க வச்ச? அப்புறம் கேளு, ஒருத்தன் மொட்டை மாடில யானைச் சிலை வைக்கணுமாம், கான்கிரீட்ல, நிஜ யானை சைஸு. தாங்குமான்னு கேக்கறான். நான் என்ன சொன்னேன் தெரியுமா—"

எரியுதா என்று கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல், தன் வீட்டு அறைக்குள் நுழைகிற மாதிரி நேரே வந்துவிட்டார். பென்சிலைக் கீழே வைத்தேன். யானை கதை முடிய முக்கால் மணி ஆயிற்று. பிளம்பர் நம்பரைக் கொடுக்க இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

வரைபடம் அப்படியே கிடக்கிறது. காலையில் சீக்கிரம் எழுந்துதான் முடிக்க வேண்டும்.